சேற்றில் கிழிந்த காலும் இரண்டு தொடைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுத நோயாளியும் அவர் மனைவியும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காயத்தின் அளவு, நாட்கணக்கு, பரிசோதனை எண்கள் எதையும் மாற்றவில்லை. காவிரி டெல்டாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவில் வேலை செய்கிறேன். இந்த நிகழ்வில் எங்கள் பிரிவின் தவறு ஒன்று இருக்கிறது. அதே தவறு வேறு வார்டுகளிலும் நடந்துகொண்டிருக்கும் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி. கடைமடைப் பகுதி. சொந்தமாக ஆறு மா நிலம், மற்ற நாட்களில் வாடகை டிராக்டருக்கு உதவியாள். அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்தது. தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் சம்பா நடவுக்குச் சேறடிக்க வேண்டிய அவசரம். புரட்டாசி கடைசி வாரம், பொழுது சாயும் நேரம். டிராக்டருக்குப் பின்னால் சுழன்று சேறடிக்கும் ரோட்டவேட்டரில் பழைய வைக்கோல் சுற்றிக்கொண்டது. வண்டியை நிறுத்தாமல் காலால் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார். கத்தி இடது காலின் உள்பக்கத்தை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கிழித்துவிட்டது.

கூட இருந்தவர்கள் வாய்க்கால் தண்ணீரில் கழுவி, வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து, துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இரத்தம் நின்றுவிட்டது. அன்று இரவே பக்கத்து ஊரில் ஒரு சின்ன மருத்துவமனையில் 14 தையல் போட்டு, தடுப்பூசியும் அமாக்சிசிலின் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். இரவு நேரம், போதிய விளக்கு இல்லாத இடம், வலியில் துடிக்கிற ஆள். அங்கே தைத்தவரைக் குறை சொல்வது எனக்கு நோக்கமில்லை. ஆனால் சேறு உள்ளே இருக்க, தோல் மேலே மூடப்பட்டுவிட்டது.

மூன்றாம் நாள் பார்த்தது

காயம் பட்ட மூன்றாம் நாள் 108 வண்டியில் வந்தார். காய்ச்சல் 102 டிகிரி. கால் வீங்கி, தையல்களுக்கு நடுவே தோல் கறுத்து, பழுப்பு நிற நீர் வடிந்துகொண்டிருந்தது. நாற்றம் வார்டு வாசல்வரை வந்தது. பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாகக் கிடைத்தது. அது பெரிய ஆறுதல். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, தோலுக்கடியில் காற்றும் இல்லை.

இரத்தச் சர்க்கரை 386. "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டதற்கு "அதெல்லாம் எனக்குக் கிடையாதுங்கய்யா" என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8 வந்தது. ஆக, பல மாதங்களாகவே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஹீமோகுளோபின் 9.4. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தது. எடை 58 கிலோ. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி.

முதல் முடிவு: திறந்துவிடுவது

அன்றே அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்த் தையல்களைப் பிரித்தோம். உள்ளே களிமண்ணும் வைக்கோல் துணுக்கும் இருந்தன. செத்த சதையையும் தோலையும், வெட்டினால் இரத்தம் கசியும் இடம்வரை அகற்றினோம். மூடவில்லை. மண் பட்ட காயத்தை உடனே தைக்காமல், சுத்தம் செய்து திறந்து வைத்து, சில நாள் கழித்து மூட வேண்டும் என்பது முதல் உலகப் போரில் பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். டெல்டாச் சேறும் போர்க்களச் சேற்றுக்குக் குறைந்ததில்லை.

காயத்திலிருந்து எடுத்த சதையில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்தது. குளம், வாய்க்கால், வயல் தண்ணீரில் வாழ்கிற கிருமி அது. அமாக்சிசிலினும் அதன் இனத்து ஆம்பிசிலினும் இதன்முன் இயல்பாகவே பலிக்காது. வயல் காயத்தோடு வருகிறவருக்கு எந்த மருந்து கொடுப்பது என்று யோசிக்கும்போது, எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்று கேட்பது அவசியம். நாங்கள் மருந்தை மாற்றினோம், இன்சுலின் தொடங்கினோம், டெட்டனஸுக்கு எதிரான இம்யூனோகுளோபுலினும் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் மறுபடி அரங்கு, மறுபடி சுத்தம். இரண்டாவது தடவை முடிந்தபோது காயம் 17 சென்டிமீட்டர் நீளம், 9 அகலம். அதன் நடுவில் 5-க்கு 2 சென்டிமீட்டர் அளவு முன்னங்கால் எலும்பு வெறுமையாகத் தெரிந்தது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் அங்கே போய்விட்டது.

அப்புறம் உறிஞ்சு கட்டு போட்டோம். காயத்தில் பஞ்சு போன்ற நுரைத் தகட்டை வைத்து, மேலே ஒட்டும் படலத்தால் மூடி, குழாய் வழியே காற்றை இழுப்பது. அமெரிக்காவில் அர்ஜெண்டா, மோரிக்வாஸ் இருவரும் 1997-இல் வெளியிட்ட முறை. 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சலை அவர்கள் பரிந்துரைத்தார்கள். அதற்கென்று வரும் இயந்திரம் விலை அதிகம். நாங்கள் செய்வது கிருமி நீக்கிய நுரைத் தகடு, ஒரு மூக்குக் குழாய், படுக்கைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் உறிஞ்சு இணைப்பு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு மீட்டர். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுவோம். வீக்கமும் கசிவும் குறைந்து, சிவப்பாக, முத்து முத்தாகப் புதுச்சதை ஏறத் தொடங்கியது.

இந்தக் கட்டத்தில் மகன் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. போனில் பார்த்த ஒரு வீடியோவைக் காட்டி, "சார், ரத்தத்த எடுத்து சுத்தி ஊசி போடுறாங்களாமே, ஸ்டெம் செல்னு சொல்றாங்க. எவ்ளோ ஆனாலும் பரவால்ல, அப்பாவுக்குப் பண்ணலாமா?" என்றார். அந்த அக்கறைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து பேசினேன். இரத்தத் தட்டுகளில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. அவற்றில் ஒன்றைக் களிம்பாகச் செய்து, சர்க்கரைக்காரர்களின் பாதப்புண்ணுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதித்தார்கள். அதனால் எல்லாப் புண்ணும் ஆறிவிடவில்லை. சில புண்கள் கொஞ்சம் கூடுதலாக ஆறின. வளர்ச்சிக் காரணி என்பது செல்களுக்குப் போகும் ஒரு தகவல். தகவல் வந்தாலும், சதை கட்டுவதற்கான பொருள் உடம்பில் இருக்க வேண்டும். வெறும் எலும்பு தெரியும் இடத்தில் ஊசியால் ஒன்றும் ஆகாது, நல்ல சதையைக் கொண்டுவந்து போர்த்தத்தான் வேண்டும் என்று சொன்னேன். புரிந்துகொண்டார்.

"பொருள் இருக்க வேண்டும்" என்று மகனிடம் சொன்ன நான், அந்தப் பொருள் அப்பாவின் உடம்புக்குள் போகிறதா என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

18-ஆம் நாள் அறுவை

காலில் எலும்பு தெரியும் காயத்தை மூடும்போது நாங்கள் முழங்காலுக்குக் கீழே காலை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். மேல் பகுதிக்குக் கெண்டைக்கால் தசையைத் திருப்பிப் போடலாம். நடுப்பகுதிக்கு அதற்கடியில் பட்டையாக இருக்கும் சோலியஸ் தசை. கீழ்ப்பகுதிக்கு அப்படிப் பக்கத்தில் கைகொடுக்கும் தசை கிடையாது. பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து இரத்தக் குழாயோடு எடுத்துவந்து நுண்ணோக்கியில் இணைக்க வேண்டிவரும். இவருக்கு நடுப்பகுதி. சோலியஸில் பாதியைப் பிரித்துத் திருப்பி எலும்பைப் போர்த்தினோம். அதன்மேலும், சுற்றியிருந்த புதுச்சதையின்மேலும் வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டினோம்.

தோல் ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சீவி எடுத்த தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. முதல் இரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அடிச்சதையின் நுண்குழாய்களும் தோலின் குழாய் வாய்களும் ஒன்றையொன்று தொட்டுச் சேரும். நான்காம் ஐந்தாம் நாளில் புதுக்குழாய்கள் தோலுக்குள் வளர்ந்து ஏறும். இடையில் தோல் நகர்ந்தாலோ, அடியில் இரத்தமோ சீழோ தேங்கினாலோ, புதுக்குழாய் விட அடிச்சதைக்குத் தெம்பு இல்லாவிட்டாலோ ஒட்டு செத்துவிடும்.

அறுவைக்கு முன் எல்லாம் சரியாக இருந்ததாகவே நினைத்தோம். காய்ச்சல் இல்லை. கிருமி வளர்ச்சி குறைந்திருந்தது. சர்க்கரை 130-க்கும் 170-க்கும் இடையில். முதல் நாட்களில் தினம் 46 யூனிட் இன்சுலின் தேவைப்பட்டவருக்கு 12-ஆம் நாளில் 18 யூனிட்டே போதுமானதாக இருந்தது. 14-ஆம் நாள் விடியற்காலை சர்க்கரை 58-க்கு இறங்கி, வியர்த்துப்போய், குளுக்கோஸ் கொடுத்தோம். இன்சுலினைக் குறைத்தோம். கிருமித் தொற்று அடங்கினால் இன்சுலின் தேவை குறையும். அது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த விளக்கம் கையில் தயாராக இருந்ததால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை.

23-ஆம் நாள்

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தோம். திருப்பிப் போட்ட தசை நன்றாக, சிவப்பாக இருந்தது. எலும்பு மூடியிருந்தது. ஆனால் தோல் ஒட்டில் கிட்டத்தட்டப் பாதி, வெளுத்து வழுக்கிக்கொண்டு, கட்டோடு வந்துவிட்டது. அடியில் சீழ் இல்லை, இரத்தக் கட்டி இல்லை. தோல் நகரவும் இல்லை. உறிஞ்சு கட்டையே மேலே அழுத்தமாக வைத்திருந்தோம். கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒட்டைக் கரைக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை என்று வந்தது. அடிச்சதை மட்டும் மங்கலாக, நீர்கோத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது.

இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 2.3. இதை மட்டும் வைத்துச் சத்துக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. உடம்பில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கும். அதனால் எடை பார்க்கச் சொன்னேன். 53 கிலோ. இருபது நாளில் ஐந்து கிலோ.

கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை எழுதியிருந்தது. எத்தனை மில்லி நீர் உறிஞ்சியது என்று எழுதியிருந்தது. சிறுநீர் அளவு இருந்தது. என்ன சாப்பிட்டார் என்று இருபது நாளில் ஒரு வரிகூட இல்லை. "சர்க்கரை உணவு" என்று முதல் நாள் நான் எழுதிய இரண்டு சொற்கள்தான் இருந்தன.

முட்டை எங்கே போனது

மனைவியிடம் கேட்டேன். "நல்லா சாப்பிடுறாராம்மா?"

"சாப்பிடுறாருங்கய்யா."

அதோடு நான் நகர்ந்திருப்பேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர்தான், "மருத்துவமனையில கொடுக்குற முட்டைய அந்தப் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கொடுத்துடுவாங்க சார். புரட்டாசின்னு நெனச்சேன். இப்ப ஐப்பசியும் வந்து தீபாவளியும் போயிடுச்சே" என்றார்.

அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். முட்டை, மீன், கறி, பருப்பு, கடலை, கத்தரிக்காய் எதுவும் கொடுக்கவில்லை. புண் இருக்கும்போது அதெல்லாம் தின்றால் சீழ் வைக்கும். அவருடைய அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தார். வார்டில் மற்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள். அதோடு, சர்க்கரை என்பதால் சோற்றைக் குறைக்கச் சொல்லி எங்கள் பக்கம் அறிவுரை. இரண்டு பத்தியமும் சேர்ந்ததில் மிஞ்சியது காலையில் இரண்டு இட்லி, வெறும் மிளகு ரசம். மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம். இரவு ரொட்டி அல்லது கஞ்சி. ஒரு டம்ளர் பால். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்குப் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. இவ்வளவு பெரிய திறந்த புண் உள்ளவருக்குக் கிலோவுக்கு ஒன்றரை கிராம்வரை வேண்டும். அதாவது 80 முதல் 85 கிராம்.

சர்க்கரை ஏன் அவ்வளவு அழகாக இறங்கியது, 14-ஆம் நாள் ஏன் 58 ஆனது என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. தொற்று அடங்கியது ஒரு காரணம். அவர் சாப்பிடாமல் இருந்தது இன்னொரு காரணம். நாங்கள் வெற்றி என்று நினைத்த எண்கள் பட்டினியின் எண்களாகவும் இருந்திருக்கின்றன.

அந்த அம்மாவின்மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. இருபது நாள் வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, கணவருக்காக ஒவ்வொரு வாய் உணவையும் கவனித்துக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

காத்திருந்த நாட்கள்

மறுநாளே மீதி இடத்துக்கு மறுபடி தோல் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. தொடையில் தோல் இருக்கிறது, அரங்கில் இடம் இருக்கிறது. ஆனால் அடிச்சதை அதேதான், உடம்பும் அதேதான். எலும்பு மூடியிருந்ததால் அவசரம் இல்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தோம்.

உணவை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. புரதம் சீழாக மாறாது, புதுச்சதையாகத்தான் மாறும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார், மறுநாளும் முட்டை பையனுக்குத்தான் போனது. அவரைப் பொறுத்தவரை, ஒட்டு போனதே யாரோ தெரியாமல் ஏதோ கொடுத்ததால்தான்.

திருப்பம் எங்களால் வரவில்லை. நோயாளியின் தம்பி மலேசியாவில், ஜோகூரில், ஓட்டலில் வேலை செய்கிறார். வீடியோ காலில் பேசும்போது இந்தப் பேச்சு வந்திருக்கிறது. "அண்ணி, இங்க ஆபரேசன் பண்ணவங்களுக்கு, பிள்ள பெத்தவங்களுக்கெல்லாம் ஹாருவான்னு ஒரு மீனத்தான் தேடி வாங்கிக் கொடுக்குறாங்க, புண்ணு சீக்கிரம் ஆறணும்னு. அது நம்மூரு விரால்தான் அண்ணி" என்று சொல்லியிருக்கிறார். தம்பி சொன்னது உண்மை. அந்த விராலைப் பற்றி மலேசியாவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் எலிகளில். விராலில் தனி மகிமை இருக்கிறதா என்று நான் வாதாட மாட்டேன். நல்ல புரதம் இருக்கிறது, அது போதும். மழைக்காலம், குளங்களில் விரால் கிடைக்கிற பருவம். மறுநாள் மதியம் தூக்குவாளியில் விரால் குழம்பு வந்தது. இரண்டு நாள் கழித்துப் புண்ணைப் பிரித்தபோது சீழ் இல்லை என்று அந்த அம்மாவை அழைத்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் முட்டையும் பருப்பும் உள்ளே போயின.

காலையில் இரண்டு முட்டையும் சாம்பாரோடு இட்லியும். பதினொரு மணிக்குச் சுண்டல். மதியம் அளவான சோறு, கெட்டிப் பருப்பு, மீன். மாலையில் பால், வேர்க்கடலை. இரவு இரண்டு முட்டை, தோசை. கொய்யாவும் நெல்லிக்காயும் வைட்டமின் சி-க்காக. சிறுநீரகம் சரியாக இருந்ததால்தான் இவ்வளவு புரதம் கொடுக்க முடிந்தது; அது கெட்டவர்களுக்குக் கணக்கு வேறு. சாப்பாடு கூடியதும் சர்க்கரை ஏறியது, இன்சுலினைக் கூட்டினோம். கூட்டத்தான் வேண்டும்.

வைட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை. புதுச்சதையின் நார், அதாவது கொலாஜன், முறுக்கேறி நிற்க அது வேண்டும். 1740-களில் உலகைச் சுற்றிய ஆன்சனின் கப்பல்களில் ஸ்கர்வி வந்தபோது, ஒருவருக்கு ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய போர்க்காயம் மறுபடி திறந்துகொண்டதாக அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. ஆறிய தழும்பும் உயிருள்ள சதைதான். அதில் நார் கரைவதும் புதிதாகக் கட்டப்படுவதும் நிற்பதே இல்லை. கட்டுவதற்குப் பொருள் வராவிட்டால் கரைவது மட்டும் நடக்கும். புண்ணில் தினமும் இதைப் பார்த்தும் நான் மறந்திருந்தேன்.

பீடியை விடச் சொல்லும்போது நுண்குழாய்களைப் பற்றி விளக்கினேன். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கடைசிக் குழாய்வரை இரத்தம் போகாது என்றேன். "கடைமடைக்குத் தண்ணி வராத மாதிரிங்களாய்யா" என்றார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. பீடி நின்றது.

வலது தொடை

இந்தக் காத்திருப்பில் நாங்கள் எதிர்பாராமல் கற்றது வலது தொடையிலிருந்து. தோல் சீவி எடுத்த இடம் ஒரு சிராய்ப்புப் போலத்தான். தோலின் மேலடுக்கு மட்டும் போயிருக்கும்; மயிர்க்கால்களின் அடியில் மிஞ்சியிருக்கும் செல்கள் பரவி, பொதுவாகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்தில் மூடிவிடும். ஈரப்பதத்தோடு மூடி வைத்தால் புண் விரைவாக மூடும் என்று வின்டர் என்பவர் பன்றித் தோலில் 1962-இல் காட்டினார். அதன்படி பாரஃபின் துணியால் மூடியிருந்தோம். 32-ஆம் நாள், அதாவது தோல் எடுத்துச் சரியாக இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் பச்சைப் புண்ணாகவே இருந்தது.

அதை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலில் இருந்தது சேறு பட்ட, கிருமி ஏறிய, நசுங்கிய காயம். அது ஆறாததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். தொடையில் இருந்தது நாங்களே அரங்கில், சுத்தமாக, நல்ல இரத்த ஓட்டமுள்ள இடத்தில் செய்த காயம். அதுவும் ஆறவில்லை என்றால் குறை புண்ணில் இல்லை, உடம்பில். அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: இரண்டாவது ஒட்டை எப்போது செய்வது என்பதைக் காலைப் பார்த்து மட்டும் தீர்மானிக்காமல், வலது தொடை மூடுவதையும் பார்த்துத் தீர்மானிப்பது.

இரண்டாவது ஒட்டு

41-ஆம் நாள் வலது தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு மட்டுமே மிச்சம். எடை 55.5 கிலோ. ஆல்புமின் 3.1. காலில் அடிச்சதை கெட்டியாக, தட்டையாக, நல்ல சிவப்பாக இருந்தது. லேசாகத் துடைத்தாலே இரத்தம் புள்ளி புள்ளியாக வந்தது. மறுநாள், 42-ஆம் நாள், மீதியிருந்த 9-க்கு 7 சென்டிமீட்டர் இடத்துக்கு இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம். அதே கத்தி, அதே தடிமன், அதே பாரஃபின் துணி.

ஐந்தாம் நாள் பிரித்தபோது ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவு தவிர முழுவதும் பிடித்திருந்தது. இளஞ்சிவப்பு. அந்த அம்மா பார்த்துவிட்டுப் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 50-ஆம் நாள் வீட்டுக்குப் போனார்கள்.

வலது தொடை முழுதாக மூட 26 நாள் எடுத்தது. இடது தொடை 12 நாள். ஒரே ஆள், ஒரே கை, ஒரே விதமான கட்டு. உணவுதான் முழுக்காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் தொற்றின் அழற்சி அடங்கியது, பீடி நின்றது, சர்க்கரை பல வாரம் கட்டுக்குள் இருந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஒரே ஒரு நோயாளியை வைத்து அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் இருபது நாள் நாங்கள் பார்க்காமலே விட்டது உணவு ஒன்றைத்தான்.

செலவைப் பொறுத்தவரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைகளுக்குக் கைகொடுத்தது. சம்பா நடவு போனது போனதுதான். நிலத்தை அந்தப் பருவம் பங்காளி ஒருவர் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வார்டில் மாறியது

"நல்லா சாப்பிடுறீங்களா?" என்று இப்போது நாங்கள் கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். மருத்துவரிடம் வேறென்ன சொல்வது? "புண்ணுக்காக எதை எதை ஒதுக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் பதில் கொட்டுகிறது. அதுவும் நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. சமைத்து எடுத்துவருகிறவரிடம் கேட்க வேண்டும், முடிந்தால் அவருடைய அம்மாவிடமும்.

சர்க்கரை அட்டவணைக்குப் பக்கத்திலேயே உணவுக்கு ஒரு பத்தி வரைந்தோம். இன்சுலின் தேவை திடீரென்று குறைந்தால், அளவை மாற்றும் முன் அந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. எடை வாரம் ஒரு தடவை. "சர்க்கரை உணவு" என்று மொட்டையாக எழுதுவதை நான் விட்டுவிட்டேன். எது குறைய வேண்டும், எது கூட வேண்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன். சிஸ்டர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம் எங்களுக்கு இருபது நாள் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. இப்போது காலை ரவுண்டில் உணவைப் பற்றி முதலில் பேசுவது சிஸ்டர்தான்.

தோல் எடுத்த இடத்தைப் பத்தாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் அளந்து எழுதுகிறோம். முன்பெல்லாம் அது ஒரு பக்கக் காயம் மட்டும்தான் எங்களுக்கு.

ஒரு வருடம் கழித்து

ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, உணர்ச்சியும் குறைவு. தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னோம், பகலில் இறுக்கமான காலுறை. தழும்பு மூன்று வாரத்தில் இயல்பான தோலின் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டும். ஒரு வருடம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. இதையெல்லாம் சொல்லியும், மாசியில் பங்காளியின் அறுவடையைப் பார்க்கப் போன இடத்தில் நெல் தாள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டில் மனைவிதான் இரத்தத்தைப் பார்த்தார். மூன்று வாரம் கட்டுப் போட்டு ஆறியது. அதிலிருந்து வயலுக்குப் போனால் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

அடுத்த குறுவைக்கு வரப்பில் நின்று வேலை பார்த்தார், சேற்றில் இறங்கவில்லை. ஒரு வருடம் முடிந்து வந்தபோது எச்பிஏ1சி 7.1, எடை 60. கோல் இல்லாமல் நடக்கிறார். கால் தழும்பு தட்டையாகவே இருக்கிறது, கணுக்கால் முழுதாக மடங்குகிறது.

வேட்டியை ஒதுக்கி இரண்டு தொடைகளையும் பார்த்தேன். இடது தொடையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு நிற வேறுபாடு. வலது தொடையில், மெதுவாக ஆறிய அந்த இடத்தில், கையால் தடவினால் தட்டுப்படுகிற கறுத்த, தடித்த தழும்பு. இரவில் அது மட்டும் அரிக்கிறது என்றார்.